நாற்காலி வாங்க மறந்தவள்

1
இந்தக் கதை என் முதுகுவலியில் பிறந்தது. சக்கர நாற்காலியில் நடமாடும் தோழியின் வீட்டில் பாத்திரம் கழுவப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. அங்கே எல்லாமே அவள் உயரத்துக்கு. அப்போது அவள் சிரித்த சிரிப்பைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

2
பாவம், அந்தப் பெண்ணின் கால்கள்...

(வேண்டாம். பாவத்தில் தொடங்கினால் கடைசிவரை மூக்கைச் சிந்த வேண்டியிருக்கும்.)

மறுபடி: தையல் மெஷின் பழுதுபார்க்கும் மெக்கானிக், காலையிலிருந்து இருப்புக்கொள்ளாமல் சக்கர நாற்காலியில் வீட்டையே சுற்றி வந்தாள். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பஸ் ஓட்டுநரின் அம்மா வருகிறார். இவளால் குடும்பம் நடத்த முடியுமா என்று கண்ணால் பார்த்தால்தான் சம்மதமாம்.

3
அந்த அம்மாவைக் கொடுமைக்காரியாக எழுதி வைத்திருந்தேன். வந்தவர் ஒத்துழைக்கவில்லை. நல்ல உயரம், வெள்ளை மனசு.

"எங்கேம்மா உக்கார்றது?"

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டாள். டீத்தூள்வரை யோசித்தவள் இதை யோசிக்கவில்லை.

"ஐயோ அத்தை! நான் எப்பவும் உக்காந்துதானே இருக்கேன். நாற்காலி வாங்கணும்னே தோணல."

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உதவ வந்தார். சுவிட்சைத் தேடிச் சுவரின் மேல்பக்கம் தடவினார். அது முழங்கால் பக்கத்தில் இருந்தது. தாழ்ந்த அடுப்பு மேடையில் குனிந்து சர்க்கரையை எடுத்தவர், நிமிர முடியாமல் அப்படியே நின்றார். அதற்குள் மெக்கானிக் விளக்கைப் போட்டு, டீயையும் கலந்துவிட்டாள்.

"உன் வீட்ல நான்தான் ஒண்ணுக்கும் உதவாம நிக்கிறேன்!"

மெக்கானிக்குக்குத் தைரியம் வந்தது.

"இங்க எனக்கு ஒரு குறையும் இல்ல அத்தை. உங்க வீட்ல வாசப்படி ஏறவே ஆள் தூக்கணும், தண்ணி எடுக்கவும் ஆளைக் கூப்பிடணும். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா அப்படி வாழப் பயமா இருக்கு."

4
அத்தையின் சிரிப்பு நின்றது. என் பேனாவும்தான்.

முடிவு அ: அத்தை வீட்டை இடித்துக் கட்டச் சம்மதிக்கிறார். (இவ்வளவு சீக்கிரமா? எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு ஆ: ஓட்டுநர் இங்கே குடிவந்து தினமும் குனிந்து பாத்திரம் கழுவுகிறார். ஊர் நாலுவிதமாகப் பேசுகிறது, அவர் காதில் வாங்கவில்லை. (இது பிடித்திருக்கிறது. ஆனால் அத்தை தனியாக...)

டீ தீர்ந்துவிட்டது. அத்தை தொண்டையைச் செருமுகிறார். மெக்கானிக் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பதிலை நீங்களே சொல்லுங்கள், நான் அப்படியே எழுதிக்கொள்கிறேன். அதற்கு முன், எழுந்துபோய் உங்கள் வீட்டு வாசலை ஒருமுறை பாருங்கள். அவள் உள்ளே வர முடியுமா?