மூன்று பறவைகள் காணாமற் போன விதம்

தேன்சிட்டு, வானம்பாடி, சின்ன மீன்கொத்தி. இந்த மூன்றும் ஒரே காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டுப் போனது ஏன் என்று ஊராருக்கு மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி சோமசேகரத்துக்கு விளங்கவேயில்லை. ஒன்று பூவில் தேன் குடிப்பது, மற்றது தரிசு வயலில் பொறுக்கித் தின்பது, மூன்றாவது கடல்நீரேரியில் மீன் பிடிப்பது. மழை பொய்த்து வானம்பாடி போயிருக்கலாம். மீன்கொத்திக்கு என்ன வந்தது?

குடாநாட்டுப் பறவைப் பட்டியலை ஆண்டுதோறும் திருத்திக் கொழும்புக்கு அனுப்புகிறவர் அவர். அங்கே அதை அப்படியே அச்சடிப்பார்கள். அவர் ஒரு பெயரை அடித்தால், அந்தப் பறவை யாழ்ப்பாணத்தில் இல்லையென்றே ஆகிவிடும். திருத்த வேறு ஆளில்லை. பறவை பார்ப்பது என்று சொன்னாலும் முதல் வேலை காதுக்குத்தான். இலைக்குள் இருக்கிற விரலளவு குருவியைக் கண் தானாகப் பிடிக்காது. சத்தம் வந்த பக்கம் முகம் திரும்பும். அதன் பிறகே கண் வேலை செய்யும்.

மலேரியா அவருடைய ஊரான மீசாலையை வாரிக்கொண்டு போன ஆண்டுக்குப் பிறகு, பருவம் பருவமாக நடந்து தேடிவிட்டார். இன்று பேனாவை மையில் தோய்த்தார்.

"என்ன எழுதிறியள்?" என்றாள் மனைவி மீனாம்பிகை, முருங்கையிலை உருவிக்கொண்டே.

"தேன்சிட்டு இனி இஞ்சை இல்லை."

"நல்ல கதை! உந்தச் செவ்வரத்தையிலை நிண்டு காலமையிலை இருந்து கத்துது. அதின்ரை காதிலை விழப்போகுது, மெல்லக் கதையுங்கோ."

அவள் கை காட்டிய செம்பருத்திக் கொப்பைப் பார்த்தார். கருநீலக் குருவி. அலகு திறந்தது, மூடியது, தொண்டை துடித்தது. சத்தம் இல்லை.

மூன்றுக்கும் பொதுவானது எதுவென்று அப்போது தெரிந்தது. மூன்றுக்கும் ஊசிக் குரல். தடித்த குரலுள்ள காகமும் செண்பகமும் புறாவும் பட்டியலில் பத்திரமாக இருந்தன.

"கொயினா," என்றார்.

காய்ச்சற்காரருக்குள் திரிந்தவர், மலேரியாவுக்குக் கொடுக்கும் அந்தக் கசப்பு மருந்தைத் தானும் அளவு மீறி விழுங்கியிருந்தார். அந்த நாட்களில் இரு காதிலும் கடல் இரைந்தது. இரைச்சல் பிறகு நின்றது; மெல்லிய சத்தங்கள் திரும்பவில்லை. கேளாத ஒன்றைக் கேட்கவில்லையென்று அவர் எப்படி அறிவார்?

மீனாம்பிகையின் கை நின்றுவிட்டது.

"அப்ப... பிள்ளை கூப்பிட்டது?"

அந்தக் காய்ச்சலில் போனவள் அவர்களுடைய ஒரே மகள் இராசமலர்.

"அவள் நித்திரையிலை எல்லோ போனவள்?" என்றார் அவர்.

"இல்லை. 'ஐயா, தண்ணி' எண்டு விடியுமட்டும் முனகினவள். எனக்கும் காய்ச்சல், எழும்பேலாது. நீங்கள் பக்கத்திலை கதிரையிலை இருந்தியள். திரும்பியும் பாக்கேல்லை. கல்லு மனிசன் எண்டு நினைச்சன். இவ்வளவு காலமும்."

குருவி அலகைத் திறந்து திறந்து மூடியது. பேனா முனையில் மை காய்ந்துவிட்டது.

மறுநாள் முதல் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். மெல்லிய சத்தம் எது கேட்டாலும் அவள் கை காட்டுவாள். அவர் அந்தப் பக்கம் பார்த்துப் பெயரை எழுதுவார். அவளுக்குக் கேட்டாலும், அவர் கண்ணுக்குப் படாததைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அவளுக்கும் கேட்கவில்லை என்றால்தான் ஒரு பெயரை அடிப்பார்.