தற்போதைய பதவி

இடது கால் ஷூவுக்குள் போய்விட்டது. வலது கால் மாட்டேன் என்றது. சிலுவையம்மாள் தன் தம்பியின் குதிகாலுக்குப் பின்னால் கரண்டிக் காம்பைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். கஸ்பார் வாத்தியார் கோட்டும் டையுமாகக் கட்டிலில் கிடந்தார்.

"வுட்டுடு அத்தே. சாக்ஸோட இருக்கட்டும்," என்றாள் லூர்து. வாத்தியாரின் ஒரே மகள்.

"காலேஜ் வாத்தியாருடி அவன். ஒத்த ஷூவோட பொட்டில படுத்தான்னா ராயபுரமே பேசும்."

ராயபுரம் அப்போதே பேசிக்கொண்டுதான் இருந்தது. வாசலில் நின்ற பெண்கள் அந்த ஷூவின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டார்கள். தோல் முழுக்கத் தேய்ந்து, உள்ளே வெட்டி வைத்திருந்த அட்டை தெரிந்தது. மாதச் சம்பளக்காரர், தெருமுனையில் பஸ் நிற்கிறது, ஷூ ஏன் இந்தக் கதிக்கு வர வேண்டும்? கஞ்சத்தனம் என்றாள் ஒருத்தி. வேறெங்கோ இன்னொரு வீடு இருக்கிறது, நடந்தே போய் வந்திருக்கிறார் என்றாள் அடுத்தவள். இரண்டாவது கட்சிக்குத்தான் ஆள் சேர்ந்தது.

காலை எட்டரைக்கு, கல்லூரிக்கு நடந்துகொண்டிருந்தவர் ஹைரோட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வந்த பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி, இரண்டு பயணிகளைக் கூட்டிக்கொண்டு அவரைத் தூக்கி உள்ளே போட்டார். பஸ் தன் வழியை விட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கே போனது. அதற்குள் முடிந்துவிட்டது. வர வேண்டிய சொந்தமெல்லாம் நடந்து வரும் தூரத்தில் இருந்ததால், அன்றைக்கே மாலை ஐந்து மணிக்கு அடக்கம் என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள்.

பதினோரு மணிக்குப் பிரின்ஸ்பால் ஃபாதர் வந்தார். ஜெபம் சொன்னார். லூர்துவின் அம்மா ஐரீனிடம் இரண்டு வார்த்தை பேசினார். பிறகு லூர்துவைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டார்.

"இந்த நேரத்துல கேக்கறேன்னு நெனைக்காதம்மா. அந்த லிஸ்ட் அப்பாகிட்ட இருக்கு. திங்கட்கிழமை காலைல யுனிவர்சிட்டி கமிட்டி வருது."

"தெரியும் ஃபாதர்."

"மையில எழுதி சாயங்காலத்துக்குள்ள குடுத்துடு. அப்பா பாக்கிய முடிச்சுட்டேன்னுதான் சொன்னாரு."

லூர்துவுக்கு நன்றாகவே தெரியும். கல்லூரியே சின்னது, அதில் சரித்திரத் துறை இன்னும் சின்னது, ஒரு பெஞ்சும் கஸ்பாரும். சரித்திரம் படித்து யார் என்ன ஆனார்கள் என்று கமிட்டி கேட்டிருந்தது. உருப்படியாகப் பதில் இல்லாவிட்டால் துறையை மூடிவிட்டு, இருக்கிற பிள்ளைகளைப் பட்டணத்துக்குள் வேறு கல்லூரிக்கு அனுப்பிவிடுவார்கள். லூர்து அதே துறையில் இரண்டாம் வருஷம். அவ்வளவு தூரம் ஐரீன் அனுப்பமாட்டாள். எண்ணூரில் நிரந்தர வேலையில் இருக்கும் ஒரு பையனைச் சிலுவையம்மாள் ஏற்கெனவே பார்த்துவைத்திருந்தாள். துறை மூடினால் லூர்துவின் படிப்பு அதோடு சரி. இதில் ஒளிவுமறைவு எதுவுமில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

லிஸ்ட் மேஜை அறையில் இருந்தது. நாலு தாள், நாற்பத்தொரு பெயர். பெயர், வருஷம், வாங்கிய கிளாஸ் எல்லாம் அப்பாவின் கையெழுத்தில், மையில். கடைசிக் கட்டம், 'தற்போதைய பதவி', அது மட்டும் பென்சிலில். மாரியப்பன், செக்ரட்டேரியட் உதவியாளர். வால்டர், ரயில்வே அதிகாரி, பெரம்பூர். எத்திராஜ், ஏற்றுமதி நிறுவன மேலாளர். மனோகரன், தாசில்தார். கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் வெள்ளைச் சட்டையில் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து உட்கார்ந்து அந்தப் பழைய மாணவர்களே சொன்னவை. ஆதாரம் கேட்காத சரித்திர வாத்தியார் கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்?

லூர்து அப்பாவின் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மைப்பேனாவால் பென்சில் எழுத்தின் மேலேயே எழுத ஆரம்பித்தாள். பிணத்துக்குப் பக்கத்தில் பெண் பரீட்சை எழுதுகிறாள் என்று செய்தி தெருக்கோடி வரை போனது.

மூன்று பெயர் முடித்திருப்பாள். வாசலில் சலசலப்பு.

வால்டர் வந்திருந்தான். சனிக்கிழமை, வேலை நேரம். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டவன் வீட்டுக்குப் போய் உடை மாற்றாமல் அப்படியே வந்துவிட்டான். முழங்கை வரை கிரீஸ். சட்டைப்பையில் ரயில்வே பட்டறையின் நம்பர் வில்லை.

"இன்னாடி இது, ரயில்வேல பெரிய ஆபீசர்ன்னாங்கோ," என்று ஒருத்தி மற்றவளின் காதில் சொன்னாள். காது தூரத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

வால்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தான். லூர்து அவனைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள்.

அடுத்து எத்திராஜ். அவன் உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றான். முன்னங்கையில் மீன் செதில் காய்ந்து மினுங்கியது. காசிமேட்டில் விடிகாலையிலிருந்து ஏலம் கூவிய தொண்டை, பேசினால் பாதிதான் வெளியே வந்தது.

"உள்ள வாங்கண்ணா," என்றாள் லூர்து.

"இல்லம்மா. மேலெல்லாம் கவுச்சி. சாருக்கு சுத்தபத்தமா இருக்கணும்."

ஏற்றுமதி மேலாளர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

அவனுக்குப் பின்னால் மாரியப்பன். தோல் பையும் காக்கியுமாக, கண்கள் சிவந்து வந்தான். காலையில் வாத்தியாரைத் தூக்கிய கண்டக்டர் இவன்தான் என்பது அப்போதுதான் தெருவுக்குத் தெரிந்தது. தினமும் இவன் கையில்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். பொங்கலுக்கு வாத்தியார் வீட்டுக்கு வரும் வெள்ளைச் சட்டைக்காரனும் இவனும் ஒருவன் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. காக்கிச் சட்டைக்கு மேலே முகம் இருப்பதை யார் பார்க்கிறார்கள்.

ஐரீன் அவனைத் தன் பக்கத்தில் தரையில் உட்காரச் சொன்னாள்.

"கடேசியா எதுனா சொன்னாராப்பா?"

மாரியப்பன் பையைத் திறந்தான், மூடினான்.

"மடில தான் படுக்க வச்சிருந்தேன், ஆன்ட்டி. கண்ணு தொறந்தாரு. என்னப் பாத்தாரு. இந்தப் பையப் பாத்தாரு." நிறுத்தினான். "இன்னா மாரியப்பா, இன்னிக்கு ஆபீஸ் லீவான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்னே?"

"ஆமா சார், லீவுன்னேன்."



"கடேசி வரிக்கும் அவருக்கு நா ஆபீசர்தான்," என்றான் மாரியப்பன். "அது ஒண்ணுதான் ஆறுதலு."

ஐரீன் மூக்கைத் துடைத்தாள். சண்டை போடுகிற குரலில் இல்லாமல், வீட்டுச் சமாசாரம் சொல்கிற குரலில் சொன்னாள்: "உனக்கு அந்த ரூட்டு குடுத்து எத்தினி நாளாவுது?"

"ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசமாத்தான் அவரு நடக்கறாரு."

மாரியப்பன் நிமிர்ந்தான்.

"மொத நாளு பஸ் ஸ்டாப்பாண்ட போய்ட்டு திரும்பி வந்தாரு. இன்னாங்கன்னு கேட்டேன். நம்ம புள்ள ஒண்ணு அதுல நின்னுகினு கீது, நா ஏறுனா அதுக்கு சங்கடமாப் பூடும்னாரு. அன்னிலேர்ந்து நடை. மழைலயும் நடை. ஷூவுக்கு அட்டை வெட்டி வெட்டி நாந்தான் வெச்சேன்."

வாசலில் இருந்த பெண்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். அந்த இன்னொரு வீடு ஒரு நிமிஷத்தில் இடிந்து போயிற்று.

லூர்துவுக்குக் காலையில் முதல் வகுப்பு பத்து மணிக்கு, அந்த நேரத்து பஸ்ஸில் வேறு கண்டக்டர். 'நீ அப்பறமா பஸ்ல வா, நா காத்தாட நடக்கறேன்' என்று சொல்லிவிட்டு அப்பா முன்னாலேயே கிளம்பிவிடுவார். காற்றுக்காக என்றே அவள் நம்பியிருந்தாள். கையிலிருந்த தாளை மறுபடி பார்த்தாள். நாலாவது பெயர் மாரியப்பன். பென்சில் எழுத்து மிக லேசாக இருந்தது. மற்ற கட்டங்களில் மை அழுந்தியிருந்த அளவுக்கு இங்கே கை அழுந்தவே இல்லை.

"அது இன்னாம்மா?" என்றான் மாரியப்பன்.

சொல்லலாமா என்று லூர்து யோசிப்பதற்குள் சிலுவையம்மாள் கரண்டியும் கையுமாக எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள்: கமிட்டி, திங்கட்கிழமை, லிஸ்ட், எண்ணூர்ப் பையன். எண்ணூர்ப் பையனுக்குச் சொந்தமாக சைக்கிள் இருப்பது உட்பட.

வால்டர் குனிந்து தன் பெயருக்கு எதிரே பார்த்தான். காது மடல் சிவந்தது.

"சாரே எழுதினது. அப்டியே மை போட்டுக் குடுத்துடும்மா. எவன் வந்து பாக்கப் போறான்?"

அதுதான் லூர்துவுக்கும் வேண்டியது. மை போட்டுக் கொடுத்தால் துறை நிற்கும், அவள் படிப்பும் நிற்காது. பேனாவை மாரியப்பன் பெயர் மேல் கொண்டுபோனாள். முள் தாளைத் தொடவில்லை. மை சொட்டிவிடும்போல் இருந்தது. பேனாவைத் திருப்பி அவனிடம் நீட்டினாள்.

"நீங்களே எழுதுங்கண்ணா. இன்னா எழுதினாலும் சரி."

மாரியப்பன் வாத்தியார் பக்கம் ஒருமுறை பார்த்தான். பென்சில் எழுத்தை விரலால் தேய்த்தான், சுலபமாகப் போய்விட்டது. டிக்கெட் பையைத் தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டு, பஸ் கண்டக்டர் என்று எழுதினான்.

"நீ பாட்டுக்கு எழுதிட்டே," என்றான் வால்டர். "துறைய மூடிட்டாங்கன்னா? இந்தப் பொண்ணு கதி?"

"நானும் ஃபஸ்ட் கிளாஸ்தான்டா. அதுவும் அங்கியேதான் எழுதிக்கீது."

"பேஜாரு பண்றான் பாரு."

"எழுதுங்கண்ணா," என்றாள் லூர்து. ஐரீன் மகளைப் பார்த்தாள்.

வால்டர் கையைச் சட்டையில் இரண்டு தடவை துடைத்தான். கலாசி, பட்டறை. சாமான் தூக்கும் எடுபிடி வேலை. எழுதிவிட்டுப் பார்த்தால் கட்டத்தின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை, கறுப்பாக, முழுசாக.

தாளை ஜன்னல் வழியாக எத்திராஜிடம் கொடுத்தார்கள். சுவரில் வைத்து எழுதினான். மீன் ஏலம் கூவுதல்.

"அத்தோட நிறுத்தாத மச்சான்," என்று உள்ளேயிருந்து மாரியப்பன் குரல் கொடுத்தான். "குப்பத்து மேட்டர எழுது."

"அதுக்கு எங்க கட்டம் கீது?"

"இன்னா மேட்டரு?" என்றாள் லூர்து.

மாரியப்பன்தான் சொன்னான். எத்திராஜின் குப்பத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. நேற்று முளைத்த குடிசை என்றார்கள். எத்திராஜ் ஏலம் முடிந்ததும் குளித்துவிட்டு எழும்பூர் ரெக்கார்டு ஆபீசுக்குப் போய், ஏழு மாசம் பழைய கட்டுகளைப் புரட்டி, நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முந்தைய வரைபடம் ஒன்றில் அதே குப்பம் இருப்பதைக் கண்டுபிடித்தான். நகல் வாங்கிக் கோர்ட்டில் கொடுத்தார்கள். தொண்ணூறு வீடு. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

"ஃபுட்நோட்டு எப்டி பாக்கறதுன்னு சார் சொல்லிக் குடுத்தாரே, அதான்," என்றான் எத்திராஜ், ஏதோ தப்பு செய்துவிட்டவன் மாதிரி.

"அதே கட்டத்துல பொடியா எழுதுங்கண்ணா," என்றாள் லூர்து.

கட்டத்தில் இடம் போதவில்லை. எழுத்து மார்ஜினுக்குப் போய், தாளின் ஓரமாகவே இறங்கியது.

நாலரைக்குள் இன்னும் பதினொரு பேர் வந்தார்கள். மில், துறைமுகம், டுடோரியல், ஒருவன் ஜோசியம். எல்லோரும் வரிசையில் நின்று எழுதினார்கள். ஜோசியன் மட்டும் தன் பென்சில் எழுத்தை அப்படியே விட்டுவிடச் சொன்னான். அதில் தனியார் ஆலோசகர் என்று இருந்தது. தாசில்தார் மனோகரன் பெயரில் திருத்த எதுவும் இல்லை. அவன் வரவில்லை, அவன் அனுப்பிய பூமாலைதான் வந்தது. வராத மற்றவர்களின் கட்டங்களை லூர்து பென்சிலிலேயே விட்டுவிட்டாள்.

வலது ஷூ கடைசிவரை ஏறவில்லை. காலுக்குப் பக்கத்தில் வைத்து மூடினார்கள். கோயில் சபைக்காரர்கள் பெட்டியைத் தூக்க வந்தபோது கிரீஸ் கையும் கவுச்சிக் கையும் முந்திக்கொண்டன. சபைக்காரர்கள் முனகிக்கொண்டே பின்னால் வந்தார்கள்.

மண் போட்டு முடிந்து கூட்டம் கலைந்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில் ஃபாதர் காத்திருந்தார். லூர்து நாலு தாளையும் கொடுத்தாள். கடற்காற்று தாளைப் பறித்தது. அவர் மதில் சுவரின்மேல் விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"வால்டர் ரயில்வே ஆபீசர்னுல்ல சொன்னாரு அப்பா?"

"கலாசி, ஃபாதர்."

"மாரியப்பன்?"

"கண்டக்டர்."

"இத வச்சுக்கிட்டு நான் கமிட்டிக்கு என்னம்மா சொல்றது? உன் படிப்புமில்ல இதுல இருக்கு?"

"அப்பா அத மட்டும் பென்சில்லதான் எழுதிருந்தாரு, ஃபாதர்."

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். கட்டைவிரல் ரேகையைக் கைக்குட்டையால் துடைக்கப் பார்த்தார். அது பரவியது, விட்டுவிட்டார். எத்திராஜின் வரி வந்ததும் தாளைப் பக்கவாட்டில் திருப்பி மார்ஜினைப் படித்தார். மறுபடி திருப்பினார், மறுபடி படித்தார். லூர்து தன் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நாலாவது தாளின் அடியில் இரண்டு கோடுகள் இருந்தன. மேல்கோட்டில் துறைத் தலைவர். அது காலியாக இருந்தது. ஃபாதர் அங்கியிலிருந்து பேனாவை எடுத்தார். மேல்கோட்டின் மேல் சற்று நேரம் பேனா நின்றது. பிறகு அதைத் தாண்டி, கீழ்க்கோட்டில், பிரின்ஸ்பால் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை தாள் பறக்காதபடி இரண்டு உள்ளங்கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு ஓரம் காற்றில் படபடத்தது. லூர்து தன் கையை அதன்மேல் வைத்தாள்.