இரண்டு பத்தி, ஓர் அப்பா

அவள் அலுவலகத்தில் ஸ்லைடுகளை வெறும் எழுத்தாகத்தான் அடிப்பார்கள். மூன்று முக்காற்புள்ளி (:::) வைத்தால் பக்கவாட்டில் ஒரு பத்தி திறக்கும். இன்னொரு மூன்று வைத்தால் மூடும். மற்றதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வருடக்கணக்காகத் திறந்து மூடி, திறந்து மூடி, அவளுக்குக் கண் பூத்துப்போயிருந்தது.

இன்று சாப்பாட்டு இடைவேளையில் அடித்துக்கொண்டிருந்தது சொந்த வேலை. படுக்கையில் கிடக்கும் அப்பாவை இரண்டு மாதமாவது தம்பி தன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வாயால் கேட்டால், "உன்னை மாதிரி யாருக்கா பாத்துப்பாங்க?" என்று ஐஸ் வைத்தே நழுவிவிடுவான். அதனால் இடப்பக்கம் அக்கா செய்வது, வலப்பக்கம் தம்பி செய்வது. கண்ணால் பார்க்கட்டும்.

பக்கத்து மேசையில் பிழை திருத்துபவள், எல்லாரும் 'கமா' என்று கூப்பிடும் தோழி, எட்டிப் பார்த்தாள்.

"குடும்பப் பஞ்சாயத்துக்கு ஸ்லைடா? கடைசியில 'நன்றி, கேள்விகள் உண்டா?'ன்னு ஒண்ணு போட்டுடு தாயே."

"கேள்வி கேக்க மட்டும் அவனுக்குச் சொல்லியா குடுக்கணும்?"

குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, முதுகுப் புண்ணுக்கு மருந்து, துணி அலசுவது, ராத்திரி விழிப்பு. இடப் பத்தி நீள நீள, மென்பொருள் எழுத்தைச் சுருக்கிக்கொண்டே போனது. செய்வது கூடக்கூட எழுத்து பொடியாகிக்கொண்டே வந்தது. வலப்பக்கத்தில் ஒரே வரி: ஞாயிற்றுக்கிழமை போன். அது மட்டும் கொட்டை எழுத்தில் ஜம்மென்று நின்றது.

இடப்பக்கத்தை அகலமாக்கினாள். 'அக்கா', 'தம்பி' என்ற தலைப்புகள் மேலும் கீழுமாய் நிற்க, இரண்டையும் பிடுங்கித் தனி வரிசையாக உச்சியில் வைத்தாள். நேரானது. வலைப்பக்கமாக்கித் தம்பிக்கு அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் அவள் அப்பாவின் விரிப்பை மாற்றி முடித்தபோது போன் அடித்தது.

"அக்கா, என்ன இது? நான் என்ன மனுஷனா மெஷினா?"

"ஏன்டா?"

"குளிப்பாட்டணும், புரட்டணும், ராத்திரி முழிக்கணும்... எல்லாத்தையும் என் தலையில கட்டியிருக்க! ஒத்த ஆளு எப்படிக்கா செய்ய முடியும்?"

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. போனின் ஒடுங்கிய திரையில் பத்திகள் பக்கத்தில் நிற்காது. ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரியும். முதலில் 'அக்கா', அதன் கீழே 'தம்பி', அதற்கும் கீழே, தம்பி பெயருக்கு அடியில், அவளுடைய முழுப் பத்தி. கற்றுக்குட்டி செய்யும் தப்பு. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"முடியாதா?"

"சத்தியமா முடியாது. யாராலயும் முடியாது."

"போனைக் குறுக்கால படுக்கவச்சுப் பாரு."

மறுமுனையில் அவன் வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"அக்கா."

"ம்."

"இந்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணல. வண்டி எடுத்துட்டு வரேன்."

"ரெண்டு மாசம்."

"ஒரு மாசம் பாக்கறேனே... பழகிட்டு அப்புறம்..."

பேரம் பேச அவளுக்குத் தெம்பில்லை. "சரி."

"அந்த ரெண்டாவது வரி, புரட்டறது. அப்பாவுக்கு வலிக்காம எப்படிக்கா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவரைப் புரட்டும் நேரம் ஆகியிருந்தது.

"வீடியோ போடு, காட்டறேன்," என்று போனைத் தலையணையில் சாய்த்துவிட்டு எழுந்தாள்.