மாமியார் உயரத்துச் சமையலறை

மேஸ்திரி உளியும் சுத்தியலுமாக வந்து சேர்ந்தபோது, அவரை முந்திக்கொண்டு விளம்பரப் பட ஆர்ட் டைரக்டர் சமையலறை வாசலை மறித்து நின்றான். தலையில் குடுமி, காதில் வளையம்.

"நர்ஸம்மா, உங்களைக் கும்பிடறேன். ஒரு டைல்ஸைக்கூடத் தொடாதீங்க."

"ஏம்ப்பா, இது என் சமையலறைதானே?"

"உங்களுதுதான். ஆனா இந்தப் பச்சை டைல்ஸ், வளைஞ்ச மூலை ஃப்ரிட்ஜ், கட்டம் போட்ட தரை... ஊரே இப்போ இதைத்தான் தேடுது. புது ஃப்ரிட்ஜையே பழைய மாடல்ல செஞ்சு விக்கிறாங்க. அந்த விளம்பரத்துக்கெல்லாம் உங்க சமையலறைதான் வேணுமாம். மூணு வருஷத்துக்கு எதையும் மாத்த மாட்டேன்னு எழுதிக் கொடுங்க."

அந்தச் சமையலறையைக் கட்டியது நர்ஸம்மாவின் மாமியார். நல்ல மனுஷி, தன் உயரத்துக்குக் கட்டிக்கொண்டார். மருமகளோ நெட்டை. அடுப்பு மேடை அவள் தொடைக்குத்தான் வந்தது, பாத்திரம் தேய்க்கும் தொட்டி அதற்கும் கீழே. பகலெல்லாம் வார்டில் நோயாளிகளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவள் குனிந்து நிற்பாள். "இன்னும் கொஞ்ச நாள் இப்படிக் குனிஞ்சீங்கன்னா, வார்டுல நிக்க மாட்டீங்க, படுப்பீங்க" என்று எலும்பு டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேலையை விட அவளுக்கு மனமில்லை. மேஸ்திரியை வரச் சொன்னது அதனால்தான்.

அவளுடைய வீட்டுக்காரரோ கட்சி மாறியிருந்தார். முன்பு இதே சமையலறையில் எடுத்த எண்ணெய் விளம்பரத்தில் பேப்பர் படிக்கிற அப்பாவாக அவரைத் திருப்பி உட்கார வைத்திருந்தார்கள். முதுகு மட்டும் தெரியும். அன்றிலிருந்து மனுஷர் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடக்கிறார்.

"மூணு வருஷம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும்மா. என் முதுகை டிவியில பார்த்துட்டு உன் தம்பியே ஃபோன் பண்ணினான்."

"உங்க முதுகு டிவிக்குப் போகுது. என் முதுகு ஆஸ்பத்திரிக்குப் போகுது. எதை நிறுத்தலாம், சொல்லுங்க."

மேஸ்திரி தரையைப் பார்த்துச் சிரித்தார்.

நர்ஸம்மா குடுமிக்காரன் பக்கம் திரும்பினாள். "போன தடவை என்னப்பா புலம்பினே? கேமரா வைக்க இடம் இல்லைன்னுதானே?"

"ஆமா. கேமராமேன் பாத்ரூமுக்குள்ள நின்னு எடுத்தாரு."

"நடிக்க வந்த பொண்ணு?"

"அவங்களும் உயரம். இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு பாதியில உட்கார்ந்துட்டாங்க."

"அப்போ சமையலறையை நீயே எடுத்துட்டுப் போ."

"எங்க?"

"உன் ஸ்டூடியோவுக்கு. டைல்ஸ், அலமாரி, ஃப்ரிட்ஜ், எல்லாத்தையும் விலை போட்டு வாங்கிக்கோ. ஒரு பக்கம் சுவரே இல்லாம நிறுத்து, கேமரா ஓடியாடட்டும். மேடையை உனக்குப் பிடிச்ச உயரத்துல வை. யார் வீட்டு வாசல்லயும் கும்பிட்டு நிக்க வேண்டாம்."

குடுமிக்காரன் சுவரைத் தடவிப் பார்த்தான். "டைல்ஸ் உடைஞ்சிடுமே."

"பார்த்து எடுத்தா முக்கால்வாசி முழுசா வரும்" என்றார் மேஸ்திரி. "நாள்தான் கூட ஆகும்."

"அந்தக் கூலியும் உன் கணக்கு தம்பி" என்றாள் நர்ஸம்மா.

அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான்.

வீட்டுக்காரர் கிசுகிசுத்தார். "அவன் வேண்டாம்னுட்டா என்ன பண்ணுவே?"

"உடைச்சுக் குப்பையில போடப் போறேன். அது அவனுக்கும் தெரியும்."

திரும்பி வந்தவன் முகம் வேறாக இருந்தது. "முதலாளி சரின்னுட்டாரு. ஐயாவும் ஸ்டூடியோவுக்கு வரணுமாம்."

"எத்தனை மணிக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

கடைசி டைல்ஸும் வைக்கோல் சுற்றி லாரியில் போன பிறகு, வெறும் சுவருக்கு முன்னால் மேஸ்திரி பென்சிலோடு நின்றார்.

"நேரா நில்லுங்கம்மா. குனிய வேண்டாம். முழங்கையை மடக்குங்க."

மடக்கினாள். முழங்கைக்குச் சற்றுக் கீழே கோடு விழுந்தது. ஷூட்டிங்குக்குக் கிளம்பிய வீட்டுக்காரர், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து அந்தக் கோட்டின் பக்கத்தில் நின்றார். அவருடைய நெஞ்சுக்கு வந்தது. அம்மாவின் உயரம்தான் அவருக்கும்.

"இவ்வளவு உயரத்துல நான் எப்படிப் பாத்திரம் தேய்க்கிறது?"

மேஸ்திரி பென்சிலை எடுத்துவிட்டு நர்ஸம்மாவைப் பார்த்தார்.

"நீங்க போடுங்க மேஸ்திரி. இத்தனை வருஷத்துல இவர் தேய்ச்சதே இல்ல. தேய்க்கிற அன்னைக்கு நானே ஸ்டூல் போட்டுத் தரேன்."