ஃபாயிசாவின் வெள்ளைப் பெட்டி

ஜமுனாமரத்தூரில் வீடுகளுக்கு முதன்முதலில் இணையம் கொடுத்தவள் ஈஸ்வரி. மாடியில் இரும்புக் கம்பம் நட்டு, திருப்பத்தூர்ப் பக்கம் பார்த்து டிஷ் மாட்டி, அங்கிருந்து வந்த சிக்னலை வீட்டுக்கு வீடு ஒரு சின்ன டிஷ் வைத்துப் பிரித்துக் கொடுத்தாள். இடையில் ஒரு மரக்கிளை வளர்ந்தாலும் நின்றுபோகும். ஆனாலும் எல்லாரும் அவளைத்தான் தேடி வந்தார்கள்.

போன வருஷம் ஃபாயிசா மலையேறி வந்தாள். வாணியம்பாடிக்காரி, பாலிடெக்னிக்கில் ஈஸ்வரியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இப்போது ஒரு பெரிய கம்பெனிக்கு ஏஜென்ட். அவள் தரும் வெள்ளைப் பெட்டியை ஜன்னலோரம் வைத்தால் போதும், புது ஃபைவ்-ஜி டவரிலிருந்து நெட் வந்தது. கம்பம் வேண்டாம், டிஷ் வேண்டாம். ஊரில் பாதி அவள் பக்கம் போய்விட்டது.

"நம்ம வூட்லயும் ஒண்ணு வச்சிப் பாக்கலாமா? படம் நிக்காம ஓடுதாம்" என்றான் கணவன் கலையரசன்.

ஈஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. பாலிடெக்னிக்கில் சர்க்யூட் படத்தை இவள் நோட்டைப் பார்த்துத்தானே ஃபாயிசா வரைவாள்!

மறுநாள் புளி விற்றுப் பிழைக்கும் மங்கம்மாள் அவளை வழியில் நிறுத்தினாள். "புளியம்பூவெல்லாம் கொட்டிப் போச்சே, இன்னாம்மா இது?"

பெருங்காற்றில் உதிர்ந்த பூ என்று ஈஸ்வரிக்குத் தெரியும். வாய் வேறு சொன்னது. "அந்த வெள்ளைப் பொட்டியோட அலைதான் பெரிம்மா. வேற இன்னா?"

பேச்சு மலை முழுக்கப் பரவியது. பெட்டிகள் ஃபாயிசாவிடம் திரும்பின. ஈஸ்வரி உள்ளுக்குள் குளிர்ந்தாள். அது கொஞ்ச நாள்தான். மங்கம்மாள் தன் வீட்டு டிஷ்ஷைக் கழற்றி எடுத்து வந்து ஈஸ்வரியின் வாசலில் வைத்தாள்.

"இதுவும் காத்துல வர்றதுதானே? எங்களுக்குப் புளிதாம்மா சோறு."

"அது காத்துக்குக் கொட்ன பூ பெரிம்மா. நான் சும்மா சொன்னேன்."

"யாவாரம் போவுதுன்னு இப்ப மாத்திப் பேசுறியா?"

அவளைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள்.

ஃபாயிசா நேரே வீட்டுக்கு வந்தாள். "நீதான் சொன்னியாமே. நெஜமா?"

ஈஸ்வரி ஆமென்று தலையாட்டினாள்.

"நெல்லிவாசல் பக்கம் எங்க டவர் எட்டாது. அங்க உன் டிஷ்ஷை வச்சி ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணலாம்னு கம்பெனில பேசி வச்சிருந்தேன். இப்ப இந்த மலையே வேணாம், நாளைக்கு சாட்டிலைட் வந்தா பாத்துக்கலாம்னுட்டாங்க."

"அப்ப நீ?"

"கணியம்பாடிக்கு மேனேஜரா போட்டுட்டாங்க. வர்றேன்."

ஈஸ்வரி மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள்.

"மேனேஜராவா?" என்றாள்.