தலைவர் அளித்த விளக்கம்

பதினான்கு வருடம் ஒரு நாளிதழுக்குக் கொல்லிமலைப் பகுதிநேர நிருபராக இருந்தேன். செம்மேட்டில் ஒரு டீக்கடை பெஞ்ச், ஒரு பழைய பைக், இவைதான் என் ஆபீஸ். வருமானம் இல்லையே தவிர வாய்க்கொழுப்புக்குக் குறைவில்லை. இந்தச் சின்னக்கண்ணு நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டான் என்று நானே பீற்றிக்கொள்வேன். அது உண்மையும்கூட.

எங்கள் எடப்புளி நாடு ஊராட்சியில் கோணப்பலாப்பட்டி என்று நாற்பது வீட்டு ஊர். தார் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் ஏற்றம், நடுவில் காட்டிலாகா நிலம். 2017-இல் அங்கே அத்தாயி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தபோது, கம்பளியை மூங்கில் கழியில் தூளியாகக் கட்டி நாலு பேர் தூக்கி வந்தார்கள். படம் எடுத்து எழுதினேன். அந்தச் செய்தி ஊருக்கு ரோடு கொண்டுவரவில்லை, எனக்குப் பேர் கொண்டுவந்தது. கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். 2019 டிசம்பரில் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றேன்.

கோணப்பலாப்பட்டிக்கு ஓட்டுக் கேட்க ஜீப்பில் போனேன். ஊர்க்காரர்கள் வழியில் கிடந்த பாறைகளைப் புரட்டி, முள்ளை வெட்டி, நாலு இடத்தில் தோள் கொடுத்துத் தள்ளி ஜீப்பை மேலே ஏற்றினார்கள். ரோடு போடாமல் இன்னொரு முறை ஓட்டுக் கேட்டு வரமாட்டேன் என்றேன். அந்த ஊர் ஓட்டு அத்தனையும் எனக்கு விழுந்தது. ஜெயித்த பிறகு மூன்று வருடம் காட்டிலாகா அனுமதிக்காக அலைந்தேன். எதுவும் நகரவில்லை. அதுவரை என் மேல் தப்பில்லை.

2023 மாசியில் அத்தாயியின் கணவர் ராசு மிளகு பறிக்க ஏணி வைத்து மரம் ஏறியவர் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். மறுபடியும் கம்பளித் தூளி. என் இடத்துக்கு வந்திருந்த நிருபர் சதீஷ்குமார் அதைப் படத்தோடு போட்டுவிட்டார். நிருபர் தலைவரான பிறகும் நோயாளிகள் தூளியில்தான் போகிறார்கள் என்று என்னைக் குத்தியே எழுதியிருந்தார். காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஒன்றிய ஆபீஸிலும் விளக்கம் கேட்டார்கள். நேற்று வந்த பொடியன் என் மேலேயே செய்தி போடுகிறானா என்று எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மறுப்பு எழுதத் தெரியாத அதிகாரிக்கு நிருபரே எழுதிக் கொடுப்பார். ஒருவர் எழுதியதை எல்லோரும் வாங்கி அவரவர் பேப்பருக்கு அப்படியே அனுப்பிவிடுவோம். செய்தி என்றால் நேரில் போய்ப் பார்ப்போம், மறுப்பு என்றால் யாரும் பார்ப்பதில்லை. எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த கை, அன்று எனக்காக எழுதியது. கோணப்பலாப்பட்டிக்கு ஜீப் போய்வரும் மண்பாதை உள்ளது, தலைவரே அதில் போய்வந்துள்ளார், நோயாளிகளைத் தூக்கிச் செல்லும் நிலை இல்லை. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சீல் குத்தி ஒன்றிய ஆபீஸுக்கு ஒன்று அனுப்பிவிட்டு, நிருபர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். மறுநாள் ஐந்து பேப்பரில் வரி மாறாமல் வந்தது. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்போது நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. அதற்கடுத்த வைகாசியில் அத்தாயி ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். வண்டி போக வழியே இல்லாத ஊர்களுக்கு முதலில் ரோடு என்று ஒரு திட்டம் வந்திருக்கிறது. ஊரார் மனுப் போட்டிருக்கிறார்கள். ஊராட்சித் தலைவர் அளித்த விளக்கத்தின்படி பாதை ஏற்கெனவே உள்ளதால் பட்டியலில் சேர்க்க இயலாது என்று பதில் வந்துவிட்டது. என் தாளின் நகலையும் கூடவே வைத்திருந்தார்கள்.

"யாரோ எழுதி உங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்கண்ணா. அப்படித்தானுங்களே?"

ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல கண்ணு. நாந்தான் எழுதினேன். ராசுவத் தூக்கிட்டு வந்தது தெரிஞ்சேதான் எழுதினேன்."

ராசுவுக்குக் கால் கோணலாகத்தான் கூடியது. இப்போது மரம் ஏறி மிளகு பறிப்பது அத்தாயிதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, வேறு மனு எழுதித் தரச் சொன்னார். முதல் பத்தியிலேயே, முன்னாள் தலைவர் தந்த விளக்கம் பொய், அவரே அதை ஒப்புக்கொள்கிறார் என்று எழுதி நீட்டினேன். படித்துவிட்டு அந்தப் பத்தியைத் தொட்டுக் காட்டினார்.

"இத எடுத்துருங்கண்ணா. உங்களப் பத்தித் தப்பா இருக்குற தாள்ல எங்கூர்க்காரங்க ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. நீங்கதான் எழுதுனீங்கன்னு நானும் ஊர்ல போய்ச் சொல்லப் போறதில்லீங்க."

அது இல்லாவிட்டால் மனு நிற்காது என்றேன். கேட்கவில்லை. எடுத்துவிட்டு எழுதிக் கொடுத்தேன். என் பொய்யை ஒப்புக்கொண்டு தனியாக ஒரு கடிதமும் அனுப்பினேன். பதவியில் இல்லாதவர் ஊராட்சியின் விளக்கத்தை மாற்ற முடியாது என்று பத்தே நாளில் பதில் வந்தது. என் பழைய பேப்பரில் போடச் சொல்லிக் கேட்டேன். சதீஷ்குமார் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார். இதுவரை வரவில்லை.

நேற்று ராசு கம்பு ஊன்றிக்கொண்டு அந்த மூன்று கிலோமீட்டரும் இறங்கி வந்தார். மனுவில் எழுபத்தொரு பேருடைய கையெழுத்தும் கைநாட்டும் இருந்தன. முதல் இடம் மட்டும் காலி. நீங்கள் போட்டால்தான் ஆபீஸில் மதிப்பார்கள், உங்களுக்காக விட்டிருக்கிறோம் என்றார். வண்டி போக வழி இல்லை என்று சொல்லும் தாளில், வழி இருக்கிறது என்று சொன்ன அதே கையெழுத்தைப் போட்டேன். ராசு தாளை வாங்கி இரண்டு தரம் பார்த்துவிட்டு, மடங்காமல் துணிப்பையில் வைத்துக்கொண்டார்.

"இனி ரோடு வந்துருமுங்கண்ணா" என்றார்.