இடுப்பைப் பிடித்தவன்

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளில் ஒரு வழக்கம் உண்டு. சுண்ணாம்புத் தொட்டி ஓரமாகத் தோல் சுமந்து போகும்போது முன்னால் போகிறவன் வழுக்கினால், பின்னால் வருகிறவன் தோளில் இருப்பதை அந்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும். கையைப் பிடிக்கக் கூடாது. ஈரக்கை நழுவும், இல்லையென்றால் இரண்டு பேருமே உள்ளே போவார்கள். இடுப்பைக் கட்டிப்பிடித்து, தொட்டிக்கு மறுபக்கம் தரையில் சாய்த்துவிட வேண்டும். முட்டி பெயரும், முழங்கை சிராய்க்கும். பெயர்ந்தால் பெயரட்டும், சுண்ணாம்புத் தண்ணீர் கண்ணுக்குள் போனால் அந்தக் கண் திரும்பி வராது.

ஹம்மாத் அப்படித்தான் ஒருமுறை காசிநாதனைச் சாய்த்தான். காசியின் முன்பல் ஒன்று போனது, கண் இரண்டும் தப்பின. அன்றிலிருந்து இருவரும் ஜோடி. காசி முன்னால், ஹம்மாத் பின்னால். வேறு யாராவது பின்னால் வந்தால் காசி நடக்கவே மாட்டான். "எம் பின்னாடி பாய் வந்தாதான் நான் வருவேன்" என்று மேஸ்திரியிடமே அடித்துச் சொல்வான். டேனரியில் ஹம்மாத்துக்கு இருந்த பெயர் அதுதான். இவன் பின்னால் இருந்தால் பயமில்லை. அந்தப் பெயரைப் பற்றி ஹம்மாத்துக்கு உள்ளூர எவ்வளவு கர்வம் இருந்தது என்று அவன் மனைவி ரஃபத் ஜஹானுக்குத்தான் தெரியும்.

இப்படி நிம்மதியாக இருந்தவனை அந்தப் பாழாய்ப்போன டிவிக்கு அனுப்பி வைத்தவனும் காசிதான். ஈர எருமைத்தோலை ஹம்மாத் ஒற்றை ஆளாகச் சுமந்து போவதை போனில் பிடித்துப் போட்டான். அதைப் பார்த்துவிட்டு ஒரு சேனலிலிருந்து கூப்பிட்டார்கள். 'விடாப்பிடி' என்று ஒரு நிகழ்ச்சி. கயிற்றில் தொங்குவது, டயர் உருட்டுவது, மூட்டை தூக்கிக்கொண்டு ஓடுவது என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்களைப் படாதபாடு படுத்துகிற கூத்து.

பூந்தமல்லி பக்கம் ஒரு கொட்டகையில் செட்டு போட்டிருந்தார்கள். முதல் இரண்டு சுற்றில் ஹம்மாத் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். கடைசிச் சுற்றில் அவனும், ஜிம் வைத்திருக்கிற வசந்த் என்ற பையனும் மட்டும்தான் மிச்சம். ஒரு குளம் மாதிரித் தொட்டி, அதன் ஓரமாக சோப்புத் தண்ணீர் ஊற்றிய பலகை. தோளில் ஈர மூட்டையோடு நடக்க வேண்டும். வசந்த் முன்னால், ஹம்மாத் பின்னால்.

ஈர மூட்டை, வழுக்கும் ஓரம், பக்கத்தில் வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர். இதைவிட வேறு என்ன வேண்டும்? வசந்தின் கால் வழுக்கியதும் ஹம்மாத் யோசிக்கவே இல்லை. மூட்டையைப் போட்டான், பாய்ந்து இடுப்பைக் கட்டினான், மறுபக்கம் சாய்த்தான். வசந்தின் தோள்பட்டை கட்டாந்தரையில் மோதி இறங்கிவிட்டது.

"யோவ், லூசா நீ?" வசந்த் வலியில் கத்தினான். "முட்டியளவு தண்ணிய்யா! அடியில பஞ்சு போட்டிருக்காங்க. விழுந்தா விழுந்துட்டுப் போறேன்!"

ஹம்மாத்துக்கு அப்போதுதான் புத்தி வந்தது. தொட்டியைப் பார்த்தான். பால் கலர் தண்ணீரில் தெர்மாகோல் உருண்டைகள் மிதந்துகொண்டிருந்தன. அவமானத்தில் காது இரண்டும் சுட்டன. வசந்தின் காலடியிலேயே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டான்.

ஆட்டத்திலிருந்து அவனை நீக்கினார்கள். அது நியாயம்தான். சௌமியா என்று ஒரு பெண், நிகழ்ச்சியைக் கவனித்துக்கொண்டவள், அவனைத் தனியே உட்காரவைத்து ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டாள். அவன் தொட்டியைச் சொன்னான், சுண்ணாம்பைச் சொன்னான், காசியின் கண்ணைச் சொன்னான். கேமரா ஓடியது. அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "சார், சூப்பர் சார். இதை அப்படியே முழுசா போடறோம்" என்றாள்.

போட்டார்களே! ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் டேனரி ஆட்கள் அத்தனை பேரும் டிவியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹம்மாத் மூட்டை தூக்கியபோது விசில் பறந்தது. அப்புறம் அவன் வசந்தின் இடுப்பைப் பிடிக்கிற இடம். அங்கே படத்தை நிறுத்தி, அவன் கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, டமாரென்று ஒரு சத்தம். 'ஜெயிப்பதற்காக எதையும் செய்வாரா ஹம்மாத்? அடுத்த வாரம்!'

"அடுத்த வாரம் பாருங்கடா, அடுத்த வாரம்" என்று காசிதான் கத்தினான். "பாய் எல்லாத்தையும் சொல்லிக்கீறான்."

அடுத்த வாரம் அந்த நேரத்துக்கு ஏதோ ஒரு சமையல் நிகழ்ச்சி வந்தது. பார்க்க ஆளில்லை என்று 'விடாப்பிடி'யை நிறுத்திவிட்டார்களாம். ஊர் உலகத்தில் யாரும் பார்க்காத நிகழ்ச்சியை ஆம்பூர் மட்டும் உட்கார்ந்து பார்த்துத் தொலைத்திருக்கிறது! ஹம்மாத் போன் போட்டான்.

"ஷோவே க்ளோஸ் சார்" என்றாள் சௌமியா. "நானே இப்ப அங்க இல்ல. அந்த ஃபுட்டேஜ்லாம் யார்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாது. சாரி சார்."

அவ்வளவுதான். அவர்களுக்கு ஒரு சாரியோடு முடிந்தது. சிவப்பு வட்டம் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. எவனோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி, பின்னால் ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்து அனுப்பினான். டேனரியில் புதுப்பையன்கள் ஹம்மாத்தைக் கண்டாலே இரண்டு கையாலும் இடுப்பை மூடிக்கொண்டு, "பாய், புடிச்சிடாதீங்க பாய்!" என்று ஓடினார்கள். மகள் இரம், "இன்னாப்பா, ஸ்கூல்ல எல்லாம் சிரிக்கிறாங்க" என்று அழுதாள். அவள் அழுதது அவனுக்குப் பொறுக்கவில்லை.

காசி ஓயவில்லை. கடை கடையாக ஏறி இறங்கி, ஓட்டைப் பல்லைக் காட்டிச் சொன்னான். "என்னையும் இப்டித்தான் இழுத்துப் போட்டான். அதனாலதான் எனக்குக் கண்ணு கீது." கேட்டவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

பள்ளிகொண்டா பஸ்ஸில் ஒருநாள் பிரேக் போட்டதில் ஒரு பெரியவர் படியோரம் தடுமாறினார். ஹம்மாத் பாய்ந்து இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தான். "ஐயே, இவருதான் அந்த டிவி பார்ட்டி!" என்றது ஒரு குரல். பெரியவர் அவன் கையை வெடுக்கென்று தட்டிவிட்டார். நாலைந்து போன்கள் மேலே எழுந்தன. அன்று வீட்டுக்கு வந்தவன், "இனிமே எவன் விழுந்தாலும் இந்தக் கை நீளாது" என்று ரஃபத்திடம் சொன்னான். கோபத்தில் சொல்கிறார் என்று அவள் விட்டுவிட்டாள்.

ஐப்பசி மழை பெய்த ஒரு காலையில், காசி முன்னால் தோல் சுமந்து போனான், ஹம்மாத் பின்னால். புதுப்பையன்கள் தோல் சுழற்றுகிற டிரம் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டி ஓரம் காசியின் கால் வழுக்கியது.

ஹம்மாத்தின் கை எழுந்தது. எழுந்த கை நின்றது. ஒரு மூச்சு நேரம்தான். பையன்கள் பக்கம் அவன் பார்வை போய் வந்தது. தோளில் தோல் அப்படியே இருந்தது. காசி தலைகுப்புறத் தொட்டிக்குள் போனான்.

அப்புறம் அவனும் குதித்தான், தூக்கினான், தண்ணீர் அடித்துக் கழுவினான், அலறினான். அப்புறம் செய்து என்ன? வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், ஒரு கண் போனது போனதுதான், இன்னொன்றை இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார்.

மறுநாள் ஹம்மாத் போனபோது காசியின் இரண்டு கண்களிலும் கட்டு. பக்கத்தில் அவன் மனைவி வள்ளியம்மாள் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தத்திலேயே காசிக்குத் தெரிந்துவிட்டது.

"பாய்தானே? வா பாய்." கையைத் துழாவி ஹம்மாத்தின் விரல்களைப் பிடித்துக்கொண்டான். "நீ அந்நேரம் எங்கியோ போய்ட்டிருக்கே. அதான் நான் விழுந்தேன். பின்னாடி நீ இருந்திருந்தா வுட்டிருப்பியா? வர்றவங்க எல்லார்கிட்டயும் அதான் சொல்லிக்கினு கீறேன்."

ஹம்மாத் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா காசி" என்றான். "டிரம்மாண்ட போயிருந்தேன்."

காசி மனைவி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"நான் சொன்னேன்ல?"